பூட்டு மாற்றிக்கொண்ட வீடுகள்

எங்கள் பழைய பிளாக்கில் வீடு மாற்றிக்கொள்ள ஒரு வழக்கம் இருந்தது. 'பூட்டு மாத்திக்கிறது' என்பார்கள்.

தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தது அந்த அரசுக் குடியிருப்பு. கீழ்த்தளம், அதற்கு மேல் மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. யாருக்கு எந்த வீடு என்று அரசாங்கம் எப்போதோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தது. அதை எல்லோரும் 'ஆர்டர்' என்பார்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருப்பார்கள். ஆர்டர் எழுதியவர்களுக்கு யாருடைய முழங்கால் எப்படி என்று தெரியாது. மாடி ஏற முடியாதவருக்கு மூன்றாவது மாடி வந்திருக்கும், ஓடி ஏறுகிற வயதுக்காரருக்குக் கீழ் வீடு வந்திருக்கும். அப்போது இரண்டு குடும்பமும் பேசி முடித்து, அவரவர் கதவுப் பூட்டைச் சாவியோடு கழற்றி அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். படிக்கட்டில் நின்று எல்லோரும் ஒரு டீ குடிப்பார்கள். கையெழுத்து கிடையாது. ஆர்டர் மட்டும் பழையபடி அவரவர் பீரோவிலேயே இருக்கும்.

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. என் மாமியார் பெயரிலிருந்த ஆர்டரில் எழுதியிருந்ததோ கீழ் வீடு. அந்தக் கீழ் வீட்டில் இருந்தது மீன் விற்கும் அக்கா. அவருடைய கணவருக்கு ஆர்டரில் கொடுத்திருந்ததுதான் நாங்கள் இருந்த மேல் வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு மாடி ஏற முடியாமல் போனது. முதல் வாரம் அவரை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்களாம். இரண்டாவது வாரம் என் மாமியார் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டியிருக்கிறார். அது நான் வருவதற்கு வெகு காலம் முன்பு. அந்த மனிதரும் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அக்கா கீழ் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

"நீ கூப்ட்டா நாளைக்கே மேல ஏறிர்றேன் யக்கா" என்று அவர் அவ்வப்போது என் மாமியாரைச் சீண்டுவார்.

"ஏறுவடி, ஏறுவ. ஒன் மீன் கூடய மூணு மாடி தூக்கினு ஏறி எறங்கு. நாலாம் நாளு ஒன்னயே நாலு பேரு தூக்கினு எறங்கணும்" என்பார் மாமியார். மாடி ஏறி ஏறி அவருடைய முழங்கால்தான் தேய்ந்திருந்தது. அதை அவர் ஒருநாளும் அக்காவிடம் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் தைலம் கேட்பார்.

நான் எம்.காம். படித்தவள். படித்தவள் என்பது அந்தப் பிளாக்கில் ஒரு வேலை மாதிரி. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம், காஸ் இணைப்புக்கு விண்ணப்பம் என்று எல்லாமே என்னிடம் வரும். எனக்குப் பிடித்தும் இருந்தது. திருவொற்றியூரிலிருந்து வந்த மருமகளுக்கு அங்கே ஒரு இடம் கிடைத்தது என்றால் அது என் கையெழுத்தால்தான்.

புதன்கிழமைகளில் அக்கா ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் போவார். அங்கே வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம். அக்காவுக்கு எழுதத் தெரியாது. எங்கள் வீட்டில் வேறு சாமி. ஆனால் எழுதுவதற்கு என்ன என்று நான்தான் வாரா வாரம் எழுதிக்கொடுப்பேன். கால்வலி குறைய, ஏலத்தில் நல்ல மீன் அமைய, அதன் பிறகு என் மகள் பிறந்ததும் அவளுடைய இளைப்பு நிற்க. கடைசி வரிக்குக் கீழே நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு அதன் நடுவில் ஒரு புள்ளி வைப்பேன். பள்ளிக்கூடத்தில் பழகியது.

"இது இன்னாத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"முடிஞ்சுதுன்னு அர்த்தம் அக்கா."

"அப்போ போடாத. நான் கேக்கறது எப்ப முடிஞ்சிது? பாதில நிறுத்திக்கீறேன்னு மாதாவுக்குத் தெரியணும்."

சிரித்தோம். பழக்க தோஷத்தில் அடுத்த வாரமும் போட்டேன்.

என் மகள் பிறந்தது முதல் எனக்குப் பயம்தான் வாழ்க்கை. மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் அவளுக்கு நெஞ்சு விசில் அடிக்கும். அவள் தூங்கும்போது விலா எலும்பு உள்ளே குழிகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூன்றாவது மாடியில் மின்சாரம் போனால் மருந்துப் புகை பிடிக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவேன். கீழ் வீட்டுக்கு வேறு லைன், அங்கே பெரும்பாலும் கரண்ட் இருக்கும். அக்கா மீன் கையை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்வார். "ஒங்காத்தா மூஞ்சப் பாரு, அவளுக்குத்தான் மொதல்ல மெஷினு வெக்கணும்" என்பார் குழந்தையிடம். மாதா படத்துக்கு மேலே எரியும் நீல பல்பைப் பார்த்துக்கொண்டே என் மகள் அடங்கிவிடுவாள்.

கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு பல வருடமாக இருந்தது. பால்கனிச் சுவர் ஒன்று பெயர்ந்து தெருவில் விழுந்த பிறகு பேச்சு நிஜமானது. ஒன்பது மாடி, லிஃப்ட், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்று வரைபடம் ஒட்டினார்கள். வரைபடத்தில் மரங்களும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் இருந்தார்கள். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாக வந்து கணக்கெடுத்து, ஆர்டரோடு ஒத்துப்போகிறவர்களைப் பட்டியலில் சேர்த்து அவர்களுக்குத்தான் புது வீடு என்றும் சொன்னார்கள்.

அன்று மாலை படிக்கட்டில் பிளாக்கே உட்கார்ந்து பேசியது. பூட்டு மாற்றிக்கொண்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கணக்கெடுக்க வருகிற அன்று ஒருநாள் மட்டும் அவரவர் ஆர்டரில் உள்ள வீட்டுக்குப் போய்விடுவது. அடுப்பு, நாலு பாத்திரம், சாமி படம், ஒரு பாய், அது போதும். அவர்கள் போனதும் திரும்ப வந்துவிடலாம்.

"ஒரு நாளு மாப்ள வூட்டுக்குப் போறா மாதிரி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

எனக்கு மட்டும் பயமாக இருந்தது. அரசாங்கத்திடம் பொய் சொல்வதா என்று. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் மகளுக்கு இளைப்பு தொடங்கியது. சாமான்களை அன்று மாலையே மாற்றியிருக்க வேண்டும். அக்கா மேலே வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வோணாம்மே. எல்லாரும் சாமான இழுத்துக் கீழ ஒரே தூசியாக் கீது. இதும் நெஞ்சு தாங்காது. அவுங்க பத்து மணிக்குத்தான் வருவாங்களாம். காலீல எட்டு மணிக்கு மாத்திக்கலாம்" என்றார். என் மகளுக்காகத்தான் அப்படிச் சொன்னார்.

அவர்கள் ஏழரைக்கே வந்துவிட்டார்கள். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று மேல் மாடியிலிருந்து ஆரம்பித்தார்கள். கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். மாமியார் பால் வாங்கப் போயிருந்தார். அக்கா காசிமேட்டு மீன் ஏலத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. நான் குழந்தையை மடியில் போட்டு மெஷின் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, முகமெல்லாம் வியர்வை. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "வீஸிங்கா? என் பையனுக்கும் இருந்துச்சு, அஞ்சு வயசுல சரியாப் போயிடும், பயப்படாதீங்க" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாளில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு ஆர்டரைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இதுல கீழ் வீடுன்னு இருக்கே?" என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி இங்கே வந்து படுத்தோம், எங்கள் வீடு கீழேதான். அவ்வளவுதான். கீழ் வீட்டுச் சாவி ஒன்று எங்கள் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பூட்டு மாற்றிய கதை முழுவதையும் சொன்னேன். இடுப்பு உடைந்ததிலிருந்து சொன்னேன். என் மாமியாரின் நல்ல மனசைச் சொல்கிறேன் என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது.

"இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஒரு பக்கம் எழுதினேன். நாங்களும் மாற்றிக்கொண்டது அதில் எப்படியோ விட்டுப்போனது. 'மேற்படி வீட்டின் ஒதுக்கீடு பெற்றவர் காலமாகிவிட்டார்' என்று எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை. 'அவருடைய மனைவி தற்போது கீழ்த்தள வீட்டில் வசித்து வருகிறார். ஆகவே அவர் பெயரில் புதிய வீடு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்காவுக்கு நல்லது செய்யத்தான் எழுதினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழுவதும் நிஜமா? பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எங்கள் வீடு போய்விடும், என் குழந்தை எங்கே போகும் என்ற பயமும் அந்தப் பேனாவைப் பிடித்திருந்தது. எது அதிகம் இருந்தது என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா கூடையோடு வந்தபோது அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். "இன்னாமே, வந்துட்டுப் பூட்டாங்களா? ஐயோ! இன்னா சொன்ன?" என்று படிக்கட்டிலிருந்தே கத்தினார்.

"குறிச்சுக்கிட்டுப் போனாங்க அக்கா. ஒண்ணும் பிரச்சனை இல்ல."

"ஒன்னும் இல்லியா? அப்பாடா. படிச்சவ வூட்ல இருந்தா இதான். நான் இருந்தா ஒளறிக்கினு இருப்பேன்" என்றார். அன்று ஒரு பெரிய வவ்வால் மீனை எனக்காக எடுத்து வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார்.

கடிதம் எழுதிக் கொடுத்ததை நான் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். மாமியார் பெயர் இருந்தது. ஆர்டரில் உள்ளவர் உயிரோடு இருக்கிறார், ரேஷன் அட்டையும் கீழ் வீட்டு முகவரியிலேயே இருக்கிறது என்பதால் எங்களுடையது தப்பித்தது. அக்காவின் வரியில் பெயருக்குப் பக்கத்தில் 'விசாரணையில்' என்று இருந்தது. அவருக்குப் படித்துச் சொன்னதும் நான்தான்.

"விசாரிக்கட்டும். இன்னா, நான் திருடியா?" என்றார். முதல் முறையாக அவர் முகத்தில் நான் பார்த்துப் பழகியிருந்த ஒன்றைப் பார்த்தேன். என் குழந்தையின் விலாவைப் பார்க்கும்போது என் முகத்தில் இருக்கும் அதே பயம்.

காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு அறை பிடித்தோம். அக்கா எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். போகிற அன்று கீழ் வீட்டின் பூட்டைக் கழற்றி என் மாமியாரிடம் நீட்டினார். "ஒன்னுது யக்கா. பத்தரமா வெச்சிக்கினு இருந்தேன்." மாமியார் பூட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இடித்தபோது போய்ப் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். தூசி. ஆனால் மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருகிற வழி அதுதான். இயந்திரம் முன் சுவரை எடுத்த பிறகு வீடுகள் எல்லாம் அலமாரித் தட்டுகள் மாதிரி திறந்துகிடந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஒரு நிறம். எங்கள் மேல் வீட்டின் ரோஸ் நிறச் சுவரில் மெஷின் மாட்டும் ஆணி தெரிந்தது. கீழே அக்காவின் சுவரில் மாதா படம் இருந்த இடத்தில் புகை படியாத ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றிருந்தேன். மேல் வீடு கீழ் வீட்டின்மேல் விழுந்தது. இரண்டும் ஒரே குவியல் ஆயின.

புதுக் கட்டடத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் அக்காவோடு நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அவருக்காக மூன்று மனு எழுதியிருந்தேன், பதில் இல்லை. நேரில் போகலாம் என்று அவர்தான் சொன்னார். எண்ணூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முன்பைவிட மெலிந்திருந்தார். முகத்துவாரத்துப் பக்கம் மீன் சரியில்லை, துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது, தம்பி பெண்டாட்டி பேசுவதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். என் மகள் அவர் இடுப்பில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தாள்.

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதானவர், பொறுமையானவர். கோப்பைத் தேடி எடுத்து எங்கள் பக்கம் திருப்பியே வைத்தார்.

"பாருங்கம்மா. ஆர்டர்ல இருக்கறவர் இறந்துட்டார். ஆர்டர்ல சொன்ன வீட்ல இவங்க இல்ல. இவங்க இருந்த வீட்டுக்கு ஆர்டர் வேறொருத்தர் பேர்ல இருக்கு. அப்ப எந்த வீட்டுக்காரங்கன்னு நான் இவங்களச் சேக்கறது? இதெல்லாம் நாங்களாச் சொல்லல. இந்த லெட்டர்லயே தெளிவா இருக்கு." தாளைத் தட்டினார். "யாரு எழுதினாங்களோ, முத்து முத்தா எழுதியிருக்காங்க."

அக்கா தாளைக் குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அது ஒன்றுதான் தைரியமாக இருந்தது. அவர் விரல் மெதுவாகத் தாளின் அடிக்குப் போனது. கடைசி வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு, நடுவில் ஒரு புள்ளி.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாதாவுக்கு எய்தற மாதிரியே எய்திக்கீறியே" என்றார்.

நான் ஏதோ சொன்னேன். உங்களுக்கு நல்லதுன்னுதான் அக்கா, அந்தப் பொண்ணு சொன்னா அக்கா, குழந்தைக்கு அன்னிக்கு உடம்பு... வரிசையில்லாமல் வந்தது. அவர் என் மகளை இடுப்பிலிருந்து இறக்கினார். அழுதுகொண்டே இறங்கினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு அக்கா எங்களுக்கு முன்னால் நடந்தார். எண்ணூர் பஸ் வந்ததும் ஏறினார். ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சேலையில் முடிந்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டை மகளிடம் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்று மாலை மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நீ இன்னா பண்ணுவ. ஒனக்கு எல்லாத்தையும் எய்தித்தான் பயக்கம்" என்றார்.

கணவரிடம் வேறொன்று கேட்டேன். இரண்டு குடும்பமும்தான் மாற்றிக்கொண்டோம், எங்களுக்குக் கிடைத்தால் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று எழுதினால் என்ன என்று. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எழுதினா மொதல்ல நம்ம வூட்டத்தான் நோண்டுவாங்க. இருக்கறதும் பூடும். பாப்பாவ வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்றார். அவர் சொன்னது சரி. அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டு நான் எழுதாமல் இருந்தேன். அந்த வருடம் ஒரு புதன்கிழமை ராயபுரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கோயில் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் சுவரில் சீட்டை வைத்து அவருக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பஸ் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

புது வீடு வந்தது. குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது மாடி. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மாமியார் லிஃப்டில் போய்வருகிறார், முழங்கால் தேவலை. மகளுக்கு இளைப்பும் குறைந்திருக்கிறது. உயரத்தினாலா, வயதினாலா என்று எனக்குத் தெரியாது. கதவோடு சேர்ந்த பூட்டு, கழற்ற முடியாதது. நடைபாதையில் எல்லாக் கதவும் ஒரே நிறம், எல்லாம் மூடியிருக்கும். பின் ஜன்னலில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அந்த ஜன்னலில் நான் துணி காயப்போடுவதில்லை. காரணம் கேட்டால் காற்று என்று சொல்வேன்.

போன மாதம் ஒரு மதியம் கதவு தட்டினார்கள். அக்கா. கையில் ஒரு பையில் நண்டு.

"கொயந்த எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாடி. இப்பத்தான் வயி தெரிஞ்சிதா?" என்றார்.

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையல் மேடையைத் தடவிப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார். "சோக்காக் கீது" என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "லிஃப்ட்டுல வந்தேன் யக்கா. ஒரு பொண்ணு பட்டன அமுக்கிச்சி. கண்ண மூடித் தொறக்கங்காட்டியும் மேல வந்துட்டேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு இது இருந்தா அந்தாளு நாற்காலில ஒக்காந்துகினே மேல போயிருப்பாரு. நாம பூட்டே மாத்திக்கினு இருக்க மாட்டோம்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ எய்தனத நீதான் எடுக்கணும். இப்ப எய்திக் குடுக்கற ஸ்கூலு பொண்ணு மாதாவுக்கு எய்தும். ஆபீசுக்கு எய்தத் தெரியாது. எடு பேனாவ."

பேனா எடுத்தேன். பெறுநர் எழுதினேன், பொருள் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. இரண்டு குடும்பமும் மாற்றிக்கொண்டோம் என்று எழுத வேண்டும், அன்று நான் எழுதியது அவருக்குத் தெரியாமல் எழுதியது என்று எழுத வேண்டும். இதையெல்லாம் எழுதினால்தான் அது நிஜம். கணவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எதை எண்ணித் தயங்குகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"உண்மையத்தான் எய்து" என்றார். "ஆனா கொஞ்சமா எய்து. ஒன் வூட்டப் பத்தி ஒரு வார்த்த வர வோணாம். என்னப் பத்தி மட்டும் எய்து. என் புருசன் பேருல வூடு இருந்திச்சி, அவரு செத்துட்டாரு, நான் இருக்கறேன். அவ்ளோதான்."

அவர் சொன்ன மூன்று வாக்கியத்தையும் எழுதினேன். அவை போதாது என்று எனக்குத் தெரியும். கோப்பில் ஏற்கெனவே என் ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த மூன்று வரி நிற்காது. அவரை மேலே சேர்க்க வேண்டுமானால் நாங்கள் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அந்த வரியை எழுதாமல் இருக்க எனக்கு அன்று அனுமதி கிடைத்துவிட்டது. அவர் கொடுத்த அனுமதி. நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அவர் தாளை வாங்கி அடியில் பார்த்தார். கோடு போடவில்லை. மடித்து மாதா படம் வைத்திருந்த பர்சில் சொருகிக்கொண்டார்.

கிளம்பும்போது லிஃப்டுக்குப் பட்டன் அமுக்கப் போனேன். "வோணாம். ஒருவாட்டி ஏறனது போதும்" என்று படிக்கட்டுப் பக்கம் போனார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்று நடு இடைவெளி வழியாகப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பியில் அவர் கை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு மாடியாகச் சுற்றி இறங்கியது. மூன்றாவது மாடியில் நின்றது, அவர் கணவருடைய ஆர்டரில் இருந்த மாடி. அங்கே யாரோ வேறு பிளாக்கிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், கதவு மூடியிருந்திருக்கும்.

"மீன் அத்த ஏம்மா நின்னுட்டாங்க?" என்று மகள் கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் கை மறுபடி நகர்ந்தது. இரண்டாவது மாடி, முதல் மாடி. பிறகு கம்பி மட்டும் இருந்தது.